பொண்ணு ஊட்டுக்காரி

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான். கல்யாண மண்டப வாசலில் சந்தனக் கிண்ணமும் கல்கண்டுத் தட்டுமாக நின்றுகொண்டு, வருகிறவர்களில் ஒருவரையும் விடாமல் வரவேற்பார்களே பெண் வீட்டார், அவர்களில் ஒருத்தி வழி தவறி ஓவியக் கேலரிக்குள் வந்துவிட்டது போலிருந்தாள். முதல் வாரத்திலேயே ‘பொண்ணு ஊட்டுக்காரி’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. “பின்ன, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க மாதிரி மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருக்கறதா?” என்று கேட்டாள். யாரைச் சொல்கிறாள் என்று விளக்கவில்லை. அந்த நேரத்தில் கேலரியில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான்.

நாங்கள் இருவரும் வேறு வேறு ஓவியக் கல்லூரிகளிலிருந்து அங்கே வந்த கோடை விடுமுறை இன்டர்ன்கள். நான் துடியலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவேன். அவள் கருமத்தம்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள், ஆனாலும் எனக்கு முன்னால் வந்து நிற்பாள். அவள் வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் அவளுக்கு எப்போதும் இரண்டு கட்டை கூடுதலாகத்தான் குரல் வரும். கேலரியோ கிசுகிசுத்தாலே எதிரொலிக்கிற இடம். மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், பழைய பஞ்சு குடோன் ஒன்றை வெள்ளையடித்து, ஓட்டுக் கூரைக்குக் கீழே விளக்குகளைத் தொங்கவிட்டுக் கேலரியாக்கியிருந்தார்கள். வெளிச்சுவரில் ‘இது எல்லோருக்குமான இடம்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. வந்ததோ ஒரே பத்துப் பன்னிரண்டு பேர்தான். அவர்களில் ஒருவர் படம் மாட்டினால் மற்றவர்கள் பார்ப்பார்கள். அடுத்த மாதம் முறை மாறும்.

கேலரியை நடத்தியவரை நாங்கள் அண்ணா என்போம். பெங்களூரில் படித்துவிட்டு வந்தவர், நல்ல மனிதர், பேச்சு மட்டும் வராது. யாரைப் பார்த்தாலும் தலையை லேசாகச் சாய்த்துப் புன்னகைப்பார், அத்தோடு சரி. முதல் நாளே எங்களிடம் ஒரு விதி சொன்னார். பார்வையாளர் உள்ளே வந்தால் நாமாகப் போய்ப் பேசக்கூடாது, பக்கத்தில் நிற்கக்கூடாது, அவர்களைப் படத்தோடு தனியாக விட்டுவிட வேண்டும். நான் தலையாட்டினேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது. அவள்தான் கையைத் தூக்கினாள்.

“அப்ப வந்தவங்கள யாருங்ணா வாங்கன்னு சொல்றது?”

படங்களே வரவேற்கும் என்றார் அண்ணா.

“படத்துக்கு வாய் இல்லீங்களேங்ணா” என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கவலைப்பட்டுச் சொன்னாள்.

எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கவலை புரியும். வீட்டுக்கு யாராவது வந்தால், வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக ‘வாங்க’ சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஒன்று என்று மொத்தமாகச் சொன்னால் கணக்கில் வராது. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாலும், தலையில் எண்ணெயோடு இருந்தாலும், எழுந்து வந்து சொல்லிவிட்டுப் போக வேண்டும். சின்ன வயதில் நான் சொல்ல மறந்தபோதெல்லாம் அம்மா தொடையில் கிள்ளிய இடம் இன்றைக்கும் எனக்குத் தெரியும். கல்யாணத்தில் கறிவேப்பிலை குறைந்தது, மாப்பிள்ளைக்கு மோதிரம் சின்னது என்பதையெல்லாம் ஜனங்கள் மறந்துவிடுவார்கள். ‘போயிருந்தேன், ஒருத்தரு வாங்கன்னு சொல்லல’ என்பது மட்டும் பேரன் பேத்தி காலம் வரை ஓடும்.

நான் கிள்ளு வாங்கி வளர்ந்தவள். அவள் கிள்ளு வாங்காமலே பழகியவள். அண்ணாவின் விதி மத்தியானம் வரைகூடத் தாங்கவில்லை. கொரியர் கொண்டுவந்தவருக்கு வாங்க, தண்ணீர் கேன் போட வந்தவருக்கு வாங்க. கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவரை வாங்க சொல்லி, உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, வந்தது வந்தீர்கள் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று உள்ளே அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அவர் ஒரு பெரிய கறுப்புப் படத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். கிளம்பும்போது, “கறுப்பு கொஞ்சம் ஓவர்லோடுங்க” என்றார். அந்த ஓவியரைப் பற்றி அதற்குப் பிறகு வந்த எந்தக் கட்டுரையிலும் இதைவிடச் சரியாக ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஒரு நாள் மங்கிய வெளிச்சத்தில், ஆளுயரத்தில் நின்ற ஃபைபர் சிற்பம் ஒன்றுக்கும் வாங்க சொன்னாள். இல்லை என்று கடைசிவரை சாதித்தாள். நான் என் காதால் கேட்டேன்.

கூட இருப்பவர்களுக்கு இது லேசுப்பட்ட தொல்லை இல்லை. நான் பாத்ரூம் போய்விட்டு வந்தால்கூட “வா, வா” என்பாள். டீக்கடையில் நின்றால் பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாத ஆளிடம், டீ குடிக்க வாங்க என்பாள். கேலரி வேலையாகச் சேர்ந்து பஸ்ஸில் போகும்போது, சன்னலோரம் தலை சாய்த்துக் கொஞ்சம் கண்ணை மூடலாம் என்றால் நாலு ஸீட் தள்ளி உட்கார்ந்திருக்கிற அம்மாவைக் கேலரிக்கு அழைத்துக்கொண்டிருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் ஒன்று, அவள் லீவு போட்ட ஒரு நாள் அந்தக் கேலரிக்குள் போனபோதுதான் அது எவ்வளவு குளிர்ந்து கிடக்கிற இடம் என்று எனக்கு உறைத்தது.

பெரிய கூத்து நடந்தது, நாங்கள் சேர்ந்த பிறகு வந்த முதல் கண்காட்சித் திறப்பு விழாவில். சந்து ஜனங்களையும் அழைக்க வேண்டும் என்று அண்ணாவுக்கும் ஆசைதான். அவர் அழகான டிஜிட்டல் அழைப்பு ஒன்று தயாரித்து வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னார். அவள் அதை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வாட்ஸப்பில் அனுப்பினால் அது தகவல், நேரில் போய்க் கூப்பிட்டால்தான் அழைப்பு என்பது அவள் கட்சி. அண்ணாவிடம் சொல்லாமல் வீட்டிலிருந்து ஒரு தாம்பாளம் கொண்டுவந்தாள். வெற்றிலை, பாக்கு, குங்குமம், நடுவில் அந்த டிஜிட்டல் அழைப்பின் ஜெராக்ஸ். ஒவ்வொரு வீடாக ஏறி, “குடும்பத்தோட வரோணுங்க” என்று தட்டை நீட்டினாள். ஒருவர் தனியாகப் போய் அழைக்கக்கூடாதாம், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நான் மாப்பிள்ளை வீட்டார் முகத்தோடு பின்னால் நின்றேன்.

வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால் நம் ஊரில் அதற்கு அர்த்தம் ஒன்றுதான், அன்றைக்கு அந்த வீடுகளில் அடுப்பு எரியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சந்து முழுக்கப் பட்டுச் சேலையும் மல்லிகைப் பூவுமாகக் குழந்தை குட்டிகளோடு வந்து இறங்கியது. செருப்பையெல்லாம் வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். மூன்று குடும்பத்தினர் வண்ணத்தாள் சுற்றிய சுவர்க் கடிகாரம் கொண்டுவந்தார்கள். ஒரு பெரியம்மா படங்களை மரியாதைக்கு ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பந்தி எந்தப் பக்கம் என்று அண்ணாவிடமே கேட்டார். அண்ணா ஏற்பாடு செய்திருந்தது கறுப்புக் காபியும் உப்பு பிஸ்கட்டும். அவர் தலையைச் சாய்த்துப் புன்னகைத்தார்.

அவள் அசரவில்லை. மெயின் ரோட்டு மெஸ்ஸுக்கு ஓடிப்போய், இருக்கிற தக்காளி சாதத்தையும் தயிர் சாதத்தையும் அண்டாவோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். கேலரி முற்றத்தில் வாழை இலை போட்டுப் பந்தி நடந்தது. அன்றைய படங்களை வரைந்த பெங்களூர் ஓவியர், சந்து மளிகைக் கடைக்காரர் பக்கத்தில் சம்மணமிட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்ட பிறகு பலரும் மறுபடி உள்ளே போனார்கள். வயிறு நிறைந்த ஜனங்கள் படம் பார்க்கிற விதமே வேறு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அண்ணா மட்டும் இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. கேலரியைக் கல்யாண மண்டபமாக்கிவிட்டாள் என்று வருத்தம்.

அந்தப் பந்திக்கு வராதவர் ஒரே ஒருவர். எதிர்வீட்டுப் பெரியவர். குடோன் அவருடையதுதான். ஒரு காலத்தில் பஞ்சு வியாபாரமும் சின்ன மில்லும் இருந்த குடும்பம், வீட்டுக்குள் தெலுங்கு, வாசலில் கொங்குத் தமிழ். நாங்கள் தட்டோடு போனபோது அவர் எங்களை வாங்க என்று சொல்லி, உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கிக்கொண்டு, “பார்க்கலாமுங்க” என்றார். வெளியே வந்ததும் அவள் சொன்னாள், வரமாட்டார் என்று. பார்க்கலாம் என்றால் எங்கள் ஊரில் வரமாட்டேன் என்றுதான் பொருள்.

பிறகு பத்து நாளில் அது வெடித்தது. குடோனுக்கான அக்ரிமெண்ட் அந்த மாதத்தோடு முடிகிறது, அதற்கு மேல் கொடுப்பதற்கில்லை என்று பெரியவர் சொல்லிவிட்டார். காரணம் கேட்டால், “தப்பா நெனச்சுக்காதீங்க” என்றாராம். அண்ணா வாடகையைக் கூட்டித் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். பெரியவர், “வாடகைக்குச் சொல்லலீங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாராம். அண்ணா இடிந்துபோனார். வேறு இடம் பிடிக்க அவருக்கு வழியில்லை, குடோன் போனால் கேலரியும் போனது. மாதக் கடைசி ஞாயிறன்று இன்டர்ன்களான எங்கள் படங்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்துவதாக ஏற்பாடு. அதுவே கடைசிக் கண்காட்சி என்று ஆகிவிட்டது.

அன்று அவள் சாப்பிடவில்லை. இரண்டு மாத இன்டர்ன்ஷிப்புக்கு இவ்வளவு வருத்தமா என்று நான் கேட்டுவிட்டேன். “எங்கூட்ல எந்த விசேசத்துக்கும் பெரியவங்கதான் கூப்பிடுவாங்க அம்மணி. நான் தட்டுத் தூக்கிட்டுப் பின்னால போறவதான்” என்றாள். “நான் கூப்பிட்டு ஆளு வந்த இடம் இது ஒண்ணுதான்.” அதற்கு மேல் நான் கிண்டல் செய்யவில்லை.

அடுத்த நாள் பெரியவரின் மனைவியான பெரியம்மாவிடம் கறிவேப்பிலை கேட்டுப் போனாள். கேலரியில் கறிவேப்பிலைக்கு என்ன வேலை என்று பெரியம்மாவும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது அவள் முகம் வெளுத்திருந்தது. விஷயம் இதுதான். இரண்டு வருடம் முன்னால் கேலரி திறந்த அன்று பெரியவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அவருடைய குடோன், அவருடைய அப்பா கட்டியது. வாசற்படி ஏறி நின்றிருக்கிறார். உள்ளே எல்லாரும் கையில் கோப்பையோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அண்ணா அவரைப் பார்த்திருக்கிறார், தலையைச் சாய்த்துப் புன்னகைத்திருக்கிறார், விதிப்படி படங்களோடு தனியாக விட்டுவிட்டார். ஒருவரும் வாங்க சொல்லவில்லை. பெரியவர் அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்க் காலைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டாராம். அதற்குப் பிறகு அந்தப் படியில் கால் வைக்கவில்லை. மனைவியைத் தவிர யாரிடமும் ஒரு வார்த்தை குறை சொல்லவுமில்லை.

அண்ணாவால் நம்ப முடியவில்லை. “ஒரு வார்த்தைக்கா?” என்றார்.

“ஒரு வார்த்தைதானுங்ணா. சொல்லியிருக்கலாமில்லீங்க” என்றாள்.

அண்ணா உடனே மன்னிப்புக் கேட்டு ஒரு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தார். அவள் மடிக்கணினியை மூடியேவிட்டாள். மன்னிப்புக் கேட்டால் பெரியவர் மனைவியிடம் சொன்னதும், மனைவி இவளிடம் சொன்னதும் அம்பலமாகிவிடும். இதற்கெல்லாம் கோபித்துக்கொண்டாரா என்று ஊர் பேசும், அது முதல் அவமானத்தைவிடப் பெரிது. இதற்கு ஒரே வழி, அவரை முறைப்படி அழைத்து, அவர் வரும்போது முறைப்படி வாங்க சொல்வது. தட்டை அண்ணாதான் நீட்ட வேண்டும், நான் துணைக்கு வருகிறேன் என்றாள். அண்ணா வேட்டி கட்டிக்கொண்டு போனார். இடுப்பில் பெல்ட் போட்டு இறுக்கியிருந்தார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பெரியவர் முன்னால் உட்கார்ந்து காபியை முழுசாகக் குடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பசங்களுடைய கண்காட்சி, நீங்கள் வரவேண்டும் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தாராம். பெரியவர் தட்டை வாங்கிக்கொண்டு, “பார்க்கலாமுங்க” என்றாராம்.

இவளைப் பற்றி யாராவது கேட்டால் இந்த இடத்தில் நிறுத்தி, அவள் என்ன படம் வரைந்தாள் என்பதையும் சொல்லிவிடுவேன். அந்த இரண்டு மாதமும் கேலரிக்கு வந்தவர்களின் முதுகுகளை வரைந்திருந்தாள். படம் பார்க்கிறவர்களின் முதுகு, சாதாரணப் பேனாவில். முகம் ஒன்றுகூடக் கிடையாது. முதுகைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம், அவ்வளவு நன்றாக இருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. பிற்பாடு அவள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டிசைன் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால் வாசலில் நிற்பது அவளாகத்தான் இருக்கும்.

அந்த ஞாயிறு காலை முதலே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வருகிற ஒவ்வொருவருக்கும் எழுந்து எழுந்து வாங்க சொன்னாள். சந்து ஜனங்கள் வந்தார்கள், அவள் அப்பா அம்மா கருமத்தம்பட்டியிலிருந்து வந்தார்கள், என் கல்லூரி ஆசிரியர் வந்தார். எதிர்வீட்டுக் கதவு திறக்கவில்லை. அண்ணா அதைப் பார்க்காதது போல நூறு தடவை பார்த்தார். மத்தியானம் கூட்டம் வடிந்த பிறகு கதவு திறந்தது. பெரியவர் வெள்ளை வேட்டியோடு தெருவைக் கடந்து வந்தார்.

முதலில் பார்த்தது அவள்தான். பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டாள், வாயும் திறந்துவிட்டது. அப்படியே கையால் வாயைப் பொத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள். பெரியவர் படியேறி நின்றார். அண்ணா உள்ளே கடைசிச் சுவரோரம் ஆசிரியரிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக யாரும் கிள்ளாமல் நானே வாங்க சொல்லப் போனேன். அவள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்து, வேண்டாம் என்று தலையாட்டினாள். கண் பிதுங்கிக்கொண்டு நின்றது அவளுக்கு. தன் அப்பா அம்மாவுக்கும் கண்ணைக் காட்டிவிட்டாள்.

அண்ணா திரும்பினார். பெரியவரைப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் புன்னகைத்தார்.

தொலைந்தது என்று நினைத்தேன். பெரியவர் நகரவில்லை, செருப்பைக் கழற்றவுமில்லை. அப்புறம் அண்ணாவுக்கு என்ன தோன்றியதோ, ஆசிரியரைப் பாதிப் பேச்சில் விட்டுவிட்டு, அந்த நீள ஹால் முழுக்க நடந்து வாசலுக்கு வந்தார். இரண்டு கையையும் கூப்பினார்.

“வாங்க” என்றார். அது போதாது என்று பட்டதோ என்னவோ, இன்னொரு தடவை சொன்னார். “வாங்கய்யா. உள்ள வாங்க.”

“வந்தேனுங்க” என்று பெரியவர் செருப்பைக் கழற்றினார்.

நிதானமாக ஒரு சுற்று வந்தார். என் படங்களுக்கு முன்னால் ரொம்ப நேரம் நிற்கவில்லை, அதை நான் மன்னித்துவிட்டேன். முதுகுப் படங்களில் மளிகைக் கடைக்காரரை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். பிறகு நடு ஹாலில் நின்று அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

“ஐப்பசி மழைக்குள்ள அந்த ஓடெல்லாம் மாத்திப்போடோணும். ஆள அனுப்பறனுங்க” என்றார். “அடுத்த விசேசம் எப்ப வெச்சிருக்கீங்க?”

அண்ணா எங்களைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு, பெங்களூரில் படித்த அந்த மனிதர், “ஆடி கழிஞ்சுதானுங்க வெக்கோணும்” என்றார்.

பெரியவரை வாசல்வரை போய் வழியனுப்பியது அண்ணாவும் நானும்தான். அவள் வரவில்லை. திரும்பி வந்து பார்த்தால் கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். சொல்லித் தொலைத்திருக்கலாமே, அவர் திரும்பிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன்.

“எனக்கு இங்க இன்னைக்கோட முடிஞ்சுது அம்மணி” என்றாள். “நான் சொல்லி அவரு உள்ள வந்திருந்தா, நாளையிலிருந்து அவர யாரு கூப்பிடுவா?”

சொல்லிவிட்டுத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தாள். அப்புறம் அழுதாள்.